விட்சர் 3 விளையாட்டில் மருந்து, கஷாயம், மது: புதியவர்களுக்கான வழிகாட்டி

போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் 2015 மே 19 அன்று வெளியிட்ட ‘தி விட்சர் 3: வைல்ட் ஹன்ட்’ விளையாட்டைப் புதிதாகத் தொடங்குவோர் பலர், அதிலுள்ள மருந்துகளை மற்ற விளையாட்டுகளில் பழகிய முறையிலேயே கையாளுகிறார்கள். கிடைத்த மருந்தையெல்லாம் ‘பெரிய சண்டைக்கு ஆகும்’ என்று பையில் பத்திரப்படுத்திவிட்டு, அந்தப் பெரிய சண்டை வரும்போது அதைக் குடிக்க மறந்தும்போகிறார்கள். இந்த விளையாட்டில் அந்தச் சிக்கனத்துக்குப் பயனே இல்லை. ஒரு மருந்தை ஒருமுறை காய்ச்சிவிட்டால் போதும். அதன்பின் நாம் இயக்கும் நாயகனான கெரால்ட் தியானத்தில் அமரும்போதெல்லாம் குடித்துத் தீர்ந்த வேளைகள் தாமாகவே நிரம்பிவிடும். அதற்குப் பையில் வீரியமான சாராயம் ஒரு பாட்டில் இருந்தால் போதும். ஆகவே சேர்த்து வைக்க வேண்டியது சாராயத்தை. அளந்து செலவிட வேண்டியது கெரால்ட்டின் உடல் தாங்கக்கூடிய நஞ்சை. இந்த இரண்டையும் மனத்தில் இருத்திக்கொண்டால் மீதியெல்லாம் எளிதில் பிடிபடும்.

எளிய நிலைகளில் ஆடுபவர்கள் மருந்துப் பக்கமே போகாமலும் கதையை முடித்துவிடலாம். ஆனால் ‘பிளட் அண்ட் ப்ரோக்கன் போன்ஸ்’, ‘டெத் மார்ச்’ ஆகிய இரண்டு கடின நிலைகளில் தியானம் காயத்தை ஆற்றாது. அங்கே உணவும் மருந்தும் இல்லாமல் ஒரு காட்டைக் கடப்பதுகூடச் சிரமம். இது வயது வந்தோருக்கான விளையாட்டு என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். வன்முறையும் போதையும் இந்த உலகில் ஒளிவுமறைவின்றிக் காட்டப்படுகின்றன.

மருந்தே நஞ்சு

கூலிக்கு அரக்கர்களை வேட்டையாடும் விட்சர்கள் பிறவியிலேயே அப்படிப்பட்டவர்கள் அல்லர். சிறுவயதில் புல்வகைகளின் சோதனை என்னும் கொடிய முறைக்கு ஆட்படுத்தப்பட்டு, அதில் பெரும்பாலோர் இறந்துபோக, எஞ்சிய சிலரே விட்சர்கள் ஆனார்கள். அந்தச் சோதனையால் மாறிய உடல் என்பதால்தான் கெரால்ட்டால் இம்மருந்துகளைக் குடித்துவிட்டு எழுந்து நிற்க முடிகிறது. மற்ற மனிதர்களுக்கு இவை கொடிய விஷம்.

இதை எந்த விளக்கக் குறிப்பையும்விடத் தெளிவாக உணர்த்துவது, முதல் ஊரான ஒயிட் ஆர்ச்சர்டில் வரும் ஒரு கிளைக்கதை. (அதன் முடிவை இங்கே சொல்கிறேன், தாமே கண்டறிய விரும்புவோர் அடுத்த தலைப்புக்குச் செல்லலாம்.) கிரிஃபின் என்னும் பறக்கும் அரக்கன் தாக்கிக் குற்றுயிராகக் கிடக்கும் லீனா என்ற இளம்பெண்ணை மூலிகை வைத்தியம் செய்யும் டொமிரா தன் குடிலில் கிடத்திப் பார்த்துக்கொள்கிறாள். தான் அறிந்த வைத்தியமெல்லாம் பலிக்காத நிலையில், கெரால்ட்டின் ஸ்வாலோ மருந்தைக் கொடுத்துப் பார்க்கலாமா என்ற கேள்வி எழுகிறது. அது அவளைப் பிழைக்கவும் வைக்கலாம், பெரும் வேதனையோடு கொல்லவும் செய்யலாம். கொடுத்தால் அவள் பிழைக்கிறாள். ஆனால் பிற்பாடு வெலன் பகுதியில் நில்ஃப்கார்ட் பேரரசின் படைமுகாமுக்குச் செல்லும்போது, அவளைக் காதலித்த படைவீரன் எதிர்ப்பட்டு, அவள் உடல் தேறியும் மனம் திரும்பவில்லை என்பதைச் சொல்கிறான். நம் பையில் அன்றாடம் புழங்கும் சாதாரண மருந்து இன்னொரு உடலில் என்ன செய்கிறது என்பதை அந்த ஒரு உரையாடல் காட்டிவிடுகிறது. அந்தக் காட்சியைப் பார்த்த பிறகு திரையின் ஓரத்தில் உடலின் நச்சளவைக் காட்டி உயரும் பச்சைக் கோட்டை யாரும் அலட்சியமாகப் பார்க்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

முதல் மருந்து: ஸ்வாலோ

காயம் ஆற்றும் ஸ்வாலோ மருந்தில் தொடங்குங்கள். ட்வார்வன் ஸ்பிரிட் என்னும் சாராயம் 1 பாட்டில், ட்ரௌனர் மூளை 1, செலண்டைன் மூலிகை 5 ஆகியவை இதற்குத் தேவை. செலண்டைன் ஒயிட் ஆர்ச்சர்ட் முழுவதும் வழியோரத்தில் வளர்கிறது. ட்ரௌனர்கள் நீர்நிலைகளை ஒட்டித் திரியும் பிணந்தின்னிகள். ஆற்றங்கரையில் ஒன்றிரண்டை வீழ்த்தினால் மூளை கிடைத்துவிடும். சாராயம் கையில் இல்லையென்றால் டொமிராவிடமோ ஊர்ச் சத்திரத்திலோ வாங்கிக்கொள்ளலாம். மூன்றும் சேர்ந்ததும் ரசவாதப் பலகையைத் திறந்து, ஸ்வாலோவின் செய்முறையைத் தேர்ந்தெடுத்துக் காய்ச்ச வேண்டியதுதான். தீயோ பாத்திரமோ தேட வேண்டியதில்லை. நடுக்காட்டில் குதிரைமேல் இருந்தபடியேகூடப் பலகையைத் திறக்கலாம்.

காய்ச்சிய ஸ்வாலோ 3 வேளைக்கு வரும். காய்ச்சிய கையோடு அதை விரைவுப் பயன்பாட்டுக் கட்டத்தில் பொருத்திவிடுங்கள். அப்படிக் கட்டங்கள் நான்கு உண்டு. பையிலேயே கிடக்கும் மருந்தைச் சண்டைக்கு நடுவில் பட்டியலைத் திறந்தும் குடிக்க முடியும், ஆனால் ஒவ்வொரு முறையும் ஆட்டத்தை நிறுத்தித் தேடுவது அலுப்பூட்டும். ஸ்வாலோ ஒரே மிடறில் காயத்தை ஆற்றிவிடாது. சுமார் 20 விநாடிகளில் சிறிது சிறிதாக உயிர்ச்சக்தியை ஏற்றும். எனவே சாகும் தறுவாயில் குடிப்பது வீண். முதல் பலத்த அடி விழுந்ததும் நாலடி பின்வாங்கிக் குடித்துவிட்டு, அது வேலைசெய்யும் நேரத்தில் விலகி விலகி ஆடுவதே சரியான பழக்கம். உடனடியாகக் காயம் ஆற வேண்டுமானால் அதற்கென ஒயிட் ராஃபர்ட் என்ற தனி மருந்து இருக்கிறது. அதன் செய்முறை கிடைத்ததும் தாமதிக்காமல் காய்ச்சி, ஸ்வாலோவின் பக்கத்துக் கட்டத்தில் வையுங்கள்.

போகும் வழியில் காணும் மூலிகைகளையெல்லாம் பறித்துக்கொண்டே செல்வதுதான் இந்த விளையாட்டில் நல்ல வேட்டைக்காரனின் இலக்கணம். பறித்த செடி சில நாட்களில் மீண்டும் முளைத்துவிடும், பையின் பாரத்திலும் மூலிகைகள் சேர்வதில்லை. வெர்பீனா, ஆரினேரியா, குரோஸ் ஐ, பெர்பர்கேன் பழம் என்று பெயர்கள் தொடக்கத்தில் குழப்பும். அவற்றை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எந்த மருந்துக்கு எது குறைகிறது என்பதை ரசவாதப் பலகையே காட்டிவிடும்.

சாராயமும் தியானமும்

வீரியமான சாராயம் ஒரு பாட்டிலாவது பையில் இருக்கும்போது தியானத்தில் அமர்ந்து எழுந்தால், தீர்ந்துபோன மருந்துகள், கஷாயங்கள் (நெடுநேரம் வேலைசெய்யும் மருந்துகள்), வெடிகுண்டுகள் ஆகிய எல்லாமே முழு அளவுக்கு நிரம்பிவிடுகின்றன. ஒரே ஒரு ஸ்வாலோவை நிரப்பவும் ஒரு பாட்டில்தான் செலவாகும். பத்து வகை மருந்துகளை நிரப்பவும் ஒரு பாட்டில்தான். எனவே ஒரு வேளை குடித்ததற்கெல்லாம் உடனே தியானத்தில் அமராமல், இரண்டு மூன்று சண்டைகள் கடந்து பை பாதி காலியான பிறகு அமர்வது நல்லது. இதற்கு உதவுபவை அல்கஹெஸ்ட், ட்வார்வன் ஸ்பிரிட் போன்ற கடுஞ்சாராயங்கள். சத்திரங்களில் மலிவாகக் கிடைக்கும் பீரும் ஒயினும் பயன்படா.

இங்கே புதியவர்கள் அடிக்கடி செய்யும் இரண்டு காரியங்களைத் தவிர்க்கச் சொல்வேன். முதலாவது, சூறையாடிய வீடுகளிலிருந்தும் கொள்ளையர் முகாம்களிலிருந்தும் சேர்ந்த மது பாட்டில்களைச் சில்லறைக் காசுக்காகக் கண்மூடித்தனமாக விற்பது. ஒயிட் கல் என்னும் விட்சர்களின் மதுவே வேறு சில மதுவகைகளைக் கலந்துதான் காய்ச்சப்படுகிறது; சாதாரண பாட்டில் என்று விற்றுவிட்டால் பிற்பாடு அதையே தேடி ஊர் ஊராக அலைய நேரிடும். இரண்டாவது, அந்தப் பாட்டில்களைக் கெரால்ட்டையே குடிக்க வைப்பது. திரை மங்கித் தள்ளாடுவதைத் தவிர அதனால் சண்டையில் சொல்லத்தக்க பலன் எதுவும் இல்லை. காயம் ஆற வேண்டுமென்றால் ரொட்டி, இறைச்சி, தண்ணீர் ஆகியவை போதும். பொதுத் திறன்களில் குர்மே என்ற ஒன்று உண்டு. அதற்கு ஒரு புள்ளி கொடுத்துவிட்டால், எதைத் தின்றாலும் 20 நிமிடங்களுக்குக் காயம் ஆறிக்கொண்டே இருக்கும். தொடக்க நிலையில் இதைவிடப் பயனுள்ள முதலீட்டை நான் கண்டதில்லை. சாராயச் செலவும் நச்சளவும் ஒருசேரக் குறைந்துவிடுகின்றன.

நச்சளவைக் கணக்கிடுதல்

தொடக்கத்தில் கெரால்ட்டின் உடல் தாங்கும் மொத்த நச்சளவு 100. குடிக்கும் ஒவ்வொரு மருந்தும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். ஸ்வாலோ 20, தாக்குதல் வலிமையைக் கூட்டும் தண்டர்போல்ட் 25 என்று மருந்துக்கு மருந்து இது மாறுபடும். எண்ணை மருந்தின் விவரத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். சண்டைக்குமுன் ஒரு தண்டர்போல்ட், நடுவில் ஒரு ஸ்வாலோ என்றால் கணக்கு 45தான், அச்சமே வேண்டாம். குடித்த நஞ்சு நேரம் போகப்போகத் தானாகவும் வடிந்துகொண்டிருக்கும்.

ஆபத்து தொடங்குவது பாதுகாப்பு எல்லையைத் தாண்டும்போதுதான். நச்சளவு முழு 100ஐ எட்டுவதற்கு முன்பே அந்த எல்லை வந்துவிடுகிறது. அதைக் கடந்ததும் கெரால்ட்டின் முகம் வெளிறி, கன்னத்திலும் கழுத்திலும் கருநரம்புகள் புடைக்கின்றன. பார்ப்பதற்கு மிரட்டலாக இருக்கும் அந்தத் தோற்றத்தை விரும்பியே சிலர் அளவுமீறிக் குடிப்பதுண்டு. ஆனால் அதே நேரத்தில் உயிர்ச்சக்தியும் கரைந்துகொண்டிருக்கும். காயத்தை ஆற்றக் குடித்த மருந்தே உயிரைக் குடிக்கும் நிலை அது. அப்படி மாட்டிக்கொண்டால் ஒயிட் ஹனி குடியுங்கள். அது நச்சளவை முற்றிலும் துடைத்துவிடும். கூடவே அந்நேரம் வேலைசெய்துகொண்டிருக்கும் மற்ற மருந்துகளின் பலனையும் நீக்கிவிடும். ஆகவே சண்டையின் உச்சத்தில் அதைக் குடிப்பது கவசத்தைக் கழற்றி எறிவதற்குச் சமம். சண்டைக்கு நடுவில் இல்லாதவர்கள் ஒயிட் ஹனியை வீணாக்காமல் ஒரு மணி நேரம் தியானத்தில் அமர்ந்து எழுவதே மேல்.

எதிரியை அறிந்து குடித்தல்

எல்லாச் சண்டைக்கும் ஒரே மருந்து என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். ஊரின் அறிவிப்புப் பலகையில் ஒரு வேட்டை ஒப்பந்தத்தை ஏற்றதும், தடயங்களைத் தேடி எதிரி இன்னதென்று கெரால்ட் கண்டுகொள்வார். அந்த நொடியில் அரக்கர் ஏட்டைத் திறந்து படியுங்கள். எந்த எண்ணெய், எந்த மருந்து, எந்த மந்திரம் பலிக்கும் என்பது அங்கே தெளிவாகக் குறிக்கப்பட்டிருக்கும். வாளில் பூசும் எண்ணெய் நச்சளவில் சேராது என்பதால் அதைப் பூசுவதில் தயக்கமே கூடாது. இந்த ஏட்டைப் படிக்காமல் மருந்துகளைக் குறை சொல்வோரைப் பார்க்கையில் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். இந்த விளையாட்டின் ஆக இன்பமான பகுதியே வேட்டைக்கு முந்தைய அந்த ஐந்து நிமிட ஆயத்தம்தான்.

எடுத்துக்காட்டாக, பிளாக் பிளட் என்ற மருந்து கெரால்ட்டின் இரத்தத்தையே விஷமாக்குகிறது. அவரைக் காயப்படுத்தும் வேம்பயர்களும் பிணந்தின்னிகளும் அந்த இரத்தத்தாலேயே அடிபடுவார்கள். காட்டேரிகளைப் போல இரத்தம் குடிக்கும் எக்கிமாரா, கட்டகன் ஆகியவற்றை எதிர்கொள்ளுமுன் இதைக் குடிப்பது கட்டாயம் என்றே சொல்வேன். ஆனால் ஓநாய்க் கூட்டத்துக்கோ கொள்ளையர்களுக்கோ எதிராக இதனால் எந்தப் பயனும் இல்லை. கோல்டன் ஓரியோல் விஷத்தை எதிர்க்கும். எண்ட்ரேகா போன்ற பூச்சியினங்களின் கூட்டுக்குள் நுழையுமுன் குடிக்க வேண்டியது அது. கில்லர் வேல் நீருக்கடியில் மூச்சை நீட்டிக்கும். ஸ்கெலிகே தீவுகளில் மூழ்கிய கப்பல்களைத் துழாவத் தொடங்கும்வரை அதன் நினைவே வராது. தொடங்கிய பிறகு அது இல்லாமல் முடியாது.

கேட் என்னும் மருந்தைப் பற்றித் தனியே சொல்லத் தோன்றுகிறது. முழு இருட்டிலும் கண் தெரியச் செய்வது அதன் வேலை. தீப்பந்தம் இருக்கும்போது இது எதற்கு என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் குகைக்குள் தீப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது கையொன்று அதிலேயே மாட்டிக்கொள்கிறது. கேட் குடித்திருந்தால் நிறங்கள் வற்றிப்போன சாம்பல்நிறக் காட்சியில் பாறை இடுக்கில் பதுங்கியிருக்கும் உருவம்கூடத் தெளிவாகத் தெரியும். நச்சளவும் குறைவு. குகைகளில் இதைப் பயன்படுத்திப் பழகுங்கள்.

டானி ஆவுல், மந்திரங்களுக்குச் செலவாகும் ஸ்டாமினா என்னும் ஆற்றலை விரைவாக மீட்டுத் தரும். மந்திரங்களை அதிகம் நம்பி ஆடுபவர்களுக்கு இது இன்றியமையாதது. இதன் உச்ச வடிவத்தைக் காய்ச்சிவிட்டால், இரவில் குடித்த மருந்தின் பலன் விடியும்வரை தீர்வதில்லை. பேய்களும் ஆவிகளும் பல இரவில் உலவும் என்பதால் இது மிகவும் பொருந்தி வருகிறது.

கஷாயங்கள்: நீண்ட வேட்டைக்கு

மருந்துகளின் பலன் விநாடிக் கணக்கில் முடிந்துவிட, கஷாயங்களின் பலன் 30 நிமிடங்கள் நீடிக்கிறது. அதற்கு ஈடாக ஒவ்வொரு கஷாயமும் 70 நச்சளவை எடுத்துக்கொள்கிறது. அந்த 70 மற்ற மருந்துகளைப்போல வடிவதும் இல்லை. கஷாயம் உடலில் இருக்கும்வரை அதுவும் இருக்கும். 100 மட்டுமே தாங்கும் உடலில் ஒரு கஷாயத்துக்குமேல் இடமில்லை என்பதும், அதன்மேல் ஒரு ஸ்வாலோ குடித்தாலே 90ஐத் தொட்டுவிடும் என்பதும் இதிலிருந்து விளங்கும். ஆகவே தொடக்க நிலையில் கஷாயம் குடித்துவிட்டுக் கிளம்பும் நாட்களில் காயத்துக்கு உணவை நம்புங்கள், ஸ்வாலோவை அவசரத்துக்கு மட்டும் வையுங்கள்.

கஷாயம் காய்ச்ச, அந்தந்த அரக்கரை வீழ்த்தினால் கிடைக்கும் மியூட்டஜென் என்னும் பொருள் வேண்டும். எக்கிட்னாவின் மியூட்டஜெனில் காய்ச்சிய கஷாயத்தைக் குடித்தால், ஸ்டாமினாவைச் செலவிடும் ஒவ்வொரு செயலும் காயத்தை ஆற்றும். எக்கிமாராவினுடையது, எதிரிக்குக் கொடுக்கும் அடியில் ஒரு பங்கை நம் உயிர்ச்சக்தியாக மாற்றும். வாட்டர் ஹேக் கஷாயமோ உயிர்ச்சக்தி நிறைந்திருக்கும்போது தாக்குதலைக் கூட்டும். அடிபடாமல் விலகி ஆடத் தெரிந்தவர்களுக்கே அது உதவும். மியூட்டஜென்களை விற்றுவிடாதீர்கள், திறன் மரத்தின் கட்டங்களில் அவசரப்பட்டுப் பொருத்தியும் வைக்காதீர்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்ற பொது மியூட்டஜென்களே அந்தக் கட்டங்களுக்குப் போதும். ஒப்பந்த வேட்டையில் வீழ்த்திய பெரிய அரக்கனின் மியூட்டஜென் மறுபடி எளிதில் கிடைக்காமல் போகலாம்.

ரசவாதத் திறன்களுக்குப் புள்ளிகளை ஒதுக்கத் தொடங்கினால் இந்த எல்லைகளெல்லாம் விரியும். அக்கொயர்ட் டாலரன்ஸ், அறிந்த செய்முறைகளின் எண்ணிக்கைக்கேற்ப மொத்த நச்சளவை உயர்த்தும். ஆகவே பயன்படுத்தப் போவதில்லை என்றாலும் மூலிகை வைத்தியர்களிடம் விற்கும் செய்முறைத் தாள்களை வாங்கி வைப்பது வீண்போகாது. ஹைட்டன்ட் டாலரன்ஸ் பாதுகாப்பு எல்லையைத் தள்ளிவைக்கும். இரண்டும் சேர்ந்த பிறகு இரு கஷாயங்களை ஒன்றாகத் தாங்கும் உடல் கிடைத்துவிடும். 2016இல் வந்த ‘பிளட் அண்ட் ஒயின்’ விரிவாக்கத்தில் யூஃபோரியா என்ற மாற்றம், உடலில் உள்ள நஞ்சின் அளவுக்கேற்ப வாள்வீச்சையும் மந்திரங்களையும் வலுவாக்குகிறது. அதுவரை அஞ்சி ஒதுங்கிய பச்சைக் கோட்டை அங்கே விரும்பி உயர்த்தி வைப்போம்.

ஒவ்வொரு மருந்துக்கும் அடிப்படை, மேம்பட்டது, உச்சம் என மூன்று வடிவங்கள் உண்டு. மேலுள்ள வடிவத்தைக் காய்ச்ச அதற்குக் கீழுள்ளதே ஒரு மூலப்பொருளாகும். அதனால் அடிப்படை மருந்துகளையெல்லாம் ஒவ்வொன்றாவது காய்ச்சி வைத்திருங்கள். ஸ்வாலோவின் வேளைகளும் 3இலிருந்து 4, 5 என்று கூடும்.

கதைக்குள் வரும் போதை

பையிலுள்ள மருந்துகளுக்கு அப்பாற்பட்ட மயக்கப் பொருள்களும் இவ்வுலகில் ஏராளம். நோவிகிராட் நகரத்தின் இருண்ட சந்துகளில் ஃபிஸ்டெக் என்னும் வெண்பொடி புழங்குகிறது. அதை விற்பவர்களும் அதனால் சீரழிந்தவர்களும் கதை நெடுக வருகிறார்கள். விட்சர்களின் கேர் மோர்ஹன் கோட்டையில் கெரால்ட்டும் சக விட்சர்களான எஸ்கெல், லாம்பெர்ட் இருவரும் விடியவிடியக் குடிக்கும் இரவைத் தவறவிட வேண்டாம். கதையின் பெரும்போருக்கு முந்தைய அந்த இரவில்தான் அவர்களுக்கிடையேயுள்ள பாசம் முழுதாக வெளிப்படுகிறது. டூசான் பகுதி திராட்சைத் தோட்டங்களும் ஒயினும் நிறைந்த நாடு. அங்கே பினாஸ்ட்ரி என்ற துறவியின் காளான் பானத்தைக் குடித்துவிட்டுக் கெரால்ட் தன் குதிரையோடு பேசும் கிளைக்கதை ஒன்றும் இருக்கிறது.

இத்தகைய பானங்கள் கதையின் போக்கில் தரப்படுபவை. அவற்றை மறுப்பதும் ஏற்பதும் பெரும்பாலும் உரையாடலில் நாம் எடுக்கும் முடிவு. சண்டை இருக்காது என்று நினைத்து ஆயத்தமின்றிச் செல்லக்கூடியவை அல்ல அவை. ஸ்கெலிகேயில் புளூபாய் லூகோஸ் என்ற இளைஞன் தன் தோழர்களோடு கனவுகளின் குகைக்கு அழைப்பான். அங்கே மதிமயக்கும் பானத்தைக் குடித்ததும் ஒவ்வொருவரின் உள்ளச்சமும் உருவெடுத்து வந்து நிற்கும், அவற்றோடு அடுத்தடுத்துச் சண்டையிட நேரும். அழைப்பை ஏற்று அவனைச் சந்திக்கச் செல்லுமுன் தியானத்தில் அமர்ந்து மருந்துகளை நிரப்பிக்கொள்ளுங்கள். ஸ்வாலோவும் தண்டர்போல்ட்டும் விரைவுக் கட்டத்தில் இருக்கட்டும், நச்சளவைக் காலியாக வைத்தபடியே குகைக்குள் நுழையுங்கள்.